காரணப்பெயருக்கு வேலி போடலாமா?

பள்ளியில் இலக்கணம் படித்தவர்களுக்கு இடுகுறிப்பெயரும் காரணப்பெயரும் நினைவிருக்கும். மண்ணுக்கு ஏன் மண் என்று பெயர் என்று கேட்டால் பதில் கிடையாது. முன்னோர் இட்டார்கள், நாம் வழங்குகிறோம். மரங்கொத்தி என்றால் காரணம் பெயரிலேயே இருக்கிறது. ஆசிரியர் அதோடு விடமாட்டார். வளைந்திருப்பதால் வளையல் என்றால், வளைந்திருப்பவை எல்லாமே வளையலா என்று கேட்பார். வில்லும்தான் வளைந்திருக்கிறது, அதை யாரும் வளையல் என்பதில்லை. காரணம் பலவற்றுக்குப் பொருந்தினாலும் பெயர் ஒன்றில் போய் நிலைத்துவிட்டது. 'காரணச் சிறப்புப்பெயர்' என்று எழுதி மதிப்பெண் வாங்கியிருப்போம்.

வணிகக்குறிச் சட்டத்தில், அதாவது டிரேட்மார்க் சட்டத்தில், ஓயாமல் வழக்காடப்படும் கேள்வி ஏறக்குறைய இதுதான். ஒரு பொருள் எப்படிப்பட்டது, எதனால் ஆனது, எதற்குப் பயன்படும் என்று சொல்லும் சாதாரணச் சொல்லை ஒரு நிறுவனம் தனக்கே உரிய பெயராகப் பதிவு செய்துகொள்ள முடியுமா? முடியாது என்பது முதல் பதில். சில வேளை முடியும் என்பது இரண்டாவது பதில். இந்த இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நீதிமன்றங்கள் நூறு ஆண்டுகளுக்கு மேலாக அளந்துகொண்டிருக்கின்றன. அந்தத் தூரத்தைக் கடக்கும்போது சொல் அப்படியேதான் இருக்கிறது, கேட்கும் காதுதான் மாறுகிறது. அந்தக் காது மாறிவிட்டது என்பதை யார், எதைக் கொண்டு, எந்தத் தேதிக்குள் நிரூபிப்பது என்பதில்தான் சண்டை முழுவதும்.

மின்விசிறி தயாரிக்கும் ஒருவர் பெயர் தேடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'மின்விசிறி' என்றே வைத்தால் அது பொருளின் பெயர், எவருக்கும் தனியாகக் கிடைக்காது. 'ஓசையில்லா' என்று வைத்தால் பொருளின் குணத்தை நேரே சொல்கிறது. 'பூனைநடை' என்று வைத்தால், பூனை நடப்பது காதில் விழாது, இந்த விசிறியும் சத்தம் போடாது போலும் என்று வாங்குபவர் ஒரு கணம் யோசித்துப் போய்ச் சேர வேண்டும். 'கிளிஞ்சல்' என்றால் விசிறிக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. 'தொவிரா' என்பது இந்த வரியை எழுதும்போது நான் கட்டிய சொல், அதற்குப் பொருளே இல்லை. கடைசி மூன்றும் முதல் நாளிலேயே பதிவாகக் கூடியவை. முதலாவது என்றைக்கும் பதிவாகாது. இந்தக் கட்டுரை இரண்டாவதைப் பற்றியது.

இந்தப் படிகளை அடுக்கிக் காட்டியதற்காக எல்லோரும் மேற்கோள் காட்டும் தீர்ப்பு 1976-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்ற நீதிபதி ஹென்றி ஃபிரண்ட்லி எழுதியது. வழக்காடியவர்கள் அபர்குரோம்பி அண்ட் ஃபிட்ச் நிறுவனமும் ஹண்டிங் வேர்ல்டு நிறுவனமும். சண்டை 'சஃபாரி' என்ற ஒரே சொல்லுக்கு. படிகளின் பெயர்களைவிட நீதிபதி அவற்றைப் பயன்படுத்திய விதம்தான் சுவையானது. குறிப்பிட்ட வகைத் தொப்பிக்கும் மேல்சட்டைக்கும் 'சஃபாரி' என்பது பொருளின் பெயராகவே ஆகிவிட்டது, அங்கே யாருக்கும் உரிமை இல்லை என்றார். காலணிக்கு அதே சொல் அப்படி ஆகவில்லை, அங்கே உரிமை நிற்கும் என்றார். ஒரே கடையில் தலைக்கு ஒரு தீர்ப்பு, காலுக்கு ஒரு தீர்ப்பு. ஒரு சொல் விவரிக்கும் சொல்லா என்று பொத்தாம்பொதுவாகக் கேட்பதில் பயனில்லை. எந்தப் பொருளுக்கு என்பதையும் சேர்த்துக் கேட்டால்தான் கேள்விக்கு உயிர் வருகிறது. 'ஓசையில்லா' என்பதையே ஒருவர் பென்சிலுக்கு வைத்தால் ஆட்சேபம் எழாமலே போகலாம்.

நடைமுறையில் வழக்கறிஞர்கள் முட்டி மோதுவது 'ஓசையில்லா'வுக்கும் 'பூனைநடை'க்கும் இடையிலான கோட்டில். விவரிக்கும் சொல்லா, குறிப்பால் உணர்த்தும் சொல்லா? கற்பனையின் துணை வேண்டியிருந்தால் பின்னது என்பது வாய்ப்பாடு. கற்பனை ஆளுக்கு ஆள் வேறுபடும் என்பதால் வாய்ப்பாடும் வழுக்குகிறது. ஐரோப்பாவில் இந்த வழுக்கலைக் கண்கூடாகப் பார்க்கலாம். 2001-இல் குழந்தைகளின் டயப்பருக்கு 'பேபி டிரை' என்ற பெயரைப் பதிவு செய்யலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னது. இரண்டும் சாதாரணச் சொற்களே, ஆனால் அவற்றைச் சேர்த்த வரிசை ஆங்கிலத்தில் வழக்கமானதல்ல என்பது காரணம். ஈரமில்லாத குழந்தை என்று டயப்பர் விற்பவர் வேறு எப்படித்தான் சொல்வார் என்று அன்றைக்கே பலர் முகம் சுளித்தார்கள். எனக்கும் அது தாராளமாகவே படுகிறது. இரண்டே ஆண்டில், 2003-இல், அதே நீதிமன்றம் சூயிங்கம் தயாரிக்கும் ரிக்லி நிறுவனத்தின் 'டபிள்மின்ட்', அதாவது 'இரட்டைப் புதினா' வழக்கில் கயிற்றை இறுக்கியது. ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருந்தாலும் அவற்றில் ஒன்றாவது பண்டத்தின் குணத்தைக் குறிக்கக் கூடுமானால் மறுக்க வேண்டும் என்றது. இன்று போட்டியாளர் எவரும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தவில்லை என்பதும் காப்பாற்றாது. அதே குணத்தைச் சொல்ல வேறு சொற்கள் இருக்கின்றனவே என்ற வாதத்தையும் 2004-இல் 'போஸ்ட்கான்டூர்', அதாவது 'தபால் நிலையம்' என்ற டச்சுச் சொல் பற்றிய தீர்ப்பு தள்ளிவிட்டது.

மேய்ச்சல் நிலமும் வேலியும்

மறுப்பதற்கான காரணம் எளிது. விவரிக்கும் சொல் எல்லோருக்கும் வேண்டும். நாளைக்குச் சத்தமில்லாத விசிறி செய்யப் போகிற ஒருவருக்கு, அது சத்தம் போடாது என்று சொல்லும் வழி திறந்திருக்க வேண்டும்.

இதை மறக்க முடியாதபடி சொன்னவர் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் நீதிபதி கோசன்ஸ் ஹார்டி. ஆண்டு 1909. கிராஸ்ஃபீல்டு என்ற சோப்பு நிறுவனம் 'பெர்ஃபெக்‌ஷன்', அதாவது 'குறைவின்மை' என்ற சொல்லைத் தன் சோப்புக்குப் பதிவு செய்யக் கேட்டது. ஆங்கில மொழி என்ற பரந்த பொதுநிலத்தில் ஒரு பகுதியை வளைத்து வேலி போட்டு, இன்றைய மக்களையும் நாளைய மக்களையும் உள்ளே விடாமல் தடுக்கப் பணம் படைத்த வணிகர்கள் எப்போதும் துடிக்கிறார்கள் என்று அவர் எழுதினார். மேய்ச்சல் புறம்போக்கை வளைத்துப்போடும் கதைகளைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு உரை தேவையில்லை. பெர்ஃபெக்‌ஷனுக்குப் பதிவு கிடைக்கவில்லை. புகழ்ச்சிச் சொற்கள் எல்லாவற்றுக்கும் அன்று போட்ட பூட்டு அது.

அதே தீர்ப்பில் அடங்கிய இன்னொரு விண்ணப்பம் 'ஓர்ல்வூலா'. எழுத்தைப் பார்த்தால் புதுச்சொல், உரக்கப் படித்தால் 'முழுக்கக் கம்பளி' என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்கள். துணி முழுக்கக் கம்பளியாக இருந்தால் பெயர் வெறும் விவரிப்பு. இல்லாவிட்டால் பெயர் ஏமாற்று. இரண்டு வழியிலும் கதவு சாத்தியிருக்கிறது. எழுத்துப்பிழையைக் கண்டுபிடிப்பு என்று காட்டும் வித்தை நூறு ஆண்டுக்குப் பிறகும் ஓயவில்லை. பதிவகங்களில் இன்றைக்கும் ஓர் உயிரெழுத்தை விழுங்கிய பெயர்களும், ஓர் எழுத்துக்குப் பதில் எண்ணைச் செருகிய பெயர்களும் வந்துகொண்டேதான் இருக்கின்றன. ஆய்வு அதிகாரி உரக்கப் படித்துப் பார்த்தால் பாதி மாயம் கலைந்துவிடும்.

ஒட்டகமுடி பெல்ட்

வேலி எப்போது சரியாகும்? இதற்கு நான் கண்டதிலேயே தெளிவான எடுத்துக்காட்டு 1896-இல், அன்று உச்ச நீதிமன்றமாகவும் இருந்த இங்கிலாந்துப் பிரபுக்கள் அவை தீர்த்த ரெட்டவே, பன்ஹாம் வழக்கு.

ரெட்டவே இயந்திரங்களுக்கான பெல்ட் நெய்பவர். பெல்ட்டின் இழை ஒட்டகமுடி. பெயரையும் 'கேமல் ஹேர் பெல்டிங்' என்றே வைத்தார், ஒட்டகமுடி பெல்ட் என்பதுதான் பொருள். இதைவிட நேரான காரணப்பெயர் இருக்க முடியாது. ஆண்டுகள் போகப் போக, சந்தையில் அந்தப் பெயரைச் சொல்லிக் கேட்பவர்கள் முடியை நினைக்கவில்லை, ரெட்டவேயின் சரக்கை நினைத்தார்கள். முன்பு அவரிடம் வேலை பார்த்த பன்ஹாம் தனியே தொழில் தொடங்கி, தாமும் அதே பெயரை முத்திரை குத்தி விற்றார். அவருடைய பெல்ட்டும் ஒட்டகமுடிதான், ஒரு பொய்யும் இல்லை. உண்மையைச் சொல்பவரை எப்படித் தடுப்பது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கம் சாய்ந்தது. பிரபுக்கள் அவை அதைப் புரட்டியது. சொற்கள் உண்மையாக இருக்கலாம், ஆனால் அந்தச் சந்தையில் அவை இன்னாருடைய சரக்கு என்ற செய்தியையும் சுமக்கின்றன, அந்தச் செய்தி பொய் என்றது. தம் சரக்கு ரெட்டவேயுடையது அல்ல என்று தெளிவாக வேறுபடுத்தாமல் அந்தச் சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்பது உத்தரவு.

இது பதிவு வழக்கு அல்ல, ஒருவர் சரக்கை இன்னொருவர் சரக்காகக் காட்டி விற்பது பற்றிய வழக்கு. ஆனாலும் பதிவுச் சட்டங்கள் இன்று நிற்பது இந்த எண்ணத்தின் மேல்தான். சட்டக்காரர்கள் இதை 'இரண்டாம் பொருள்' என்பார்கள். அகராதிப் பொருள் அழியாது. அதன் மேல், இது இன்னாரிடமிருந்து வருவது என்ற பொருள் வந்து உட்கார்ந்துகொள்கிறது. இன்னார் யார் என்று பெயர் தெரிய வேண்டியதுகூட இல்லை, ஒரே இடத்திலிருந்து வருகிறது என்று மக்கள் நினைத்தால் போதும். 'இரண்டாம்' என்ற அடைமொழி ஆளை ஏமாற்றும். வாங்குபவர் மனதில் அது முதலாவதாக எழ வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு.

இன்று பெரும்பாலான நாடுகளின் சட்டம் இந்த அச்சில்தான் இருக்கிறது. அறிவுசார் சொத்துரிமை பற்றிய உலக வணிக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின் 15-ஆம் பிரிவு, இயல்பாக வேறுபடுத்திக் காட்டும் தன்மை இல்லாத குறிகளைப் பயன்பாட்டால் பெற்ற தனித்துவத்தின் அடிப்படையில் பதிவு செய்ய நாடுகளுக்கு இடம் தருகிறது. இந்தியாவின் 1999-ஆம் ஆண்டுச் சட்டம் 9-ஆம் பிரிவில் விவரிக்கும் சொற்களை மறுத்துவிட்டு, உடனே ஒரு வரம்புரை சேர்க்கிறது: விண்ணப்பத் தேதிக்கு முன்பே பயன்பாட்டால் தனித்துவம் பெற்றிருந்தால் மறுக்கக் கூடாது. ஐரோப்பிய ஒன்றியமும் அமெரிக்காவும் தம் தம் மொழியில் இதையே சொல்கின்றன. எல்லாக் காலத்திலும் இப்படி இருக்கவில்லை. இங்கிலாந்தின் பழைய 1938-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ், 'யார்க்' என்ற ஊர்ப்பெயரை டிரெய்லர் வண்டிகளுக்குப் பதியக் கேட்ட நிறுவனம், சந்தையில் நூற்றுக்கு நூறு தன்னையே அந்தப் பெயர் குறிக்கிறது என்று காட்டியும் தோற்றது. நடப்பில் தனித்துவம் உண்டு, சட்டப்படி இல்லை என்ற விசித்திரமான பதில் கிடைத்தது. 1994-ஆம் ஆண்டுச் சட்டம் வந்த பிறகுதான் அங்கே அந்த முடிச்சு அவிழ்ந்தது.

கோப்பில் என்ன இருக்க வேண்டும்

நம் விசிறிக்காரர் 'ஓசையில்லா' என்ற பெயரில் பத்தாண்டு விற்றுவிட்டு விண்ணப்பிக்கிறார். ஆட்சேபம் வருகிறது. அவர் ஒரு தடித்த கோப்பை அனுப்புகிறார்: பத்தாண்டு விற்பனைக் கணக்கு, விளம்பரச் செலவு, சிட்டைகள், செய்தித்தாள் விளம்பரங்களின் நகல், முகவர்கள் கையெழுத்திட்ட உறுதிமொழிகள்.

இந்தக் கோப்பு கனமாக இருக்கிறது, ஆனால் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. விற்பனை, விசிறி நன்றாக ஓடியதைக் காட்டும். விளம்பரச் செலவு, அவர் பாடுபட்டதைக் காட்டும். பெட்டியைப் பார்த்தவர்கள் அந்தச் சொல்லைப் பெயராக எடுத்துக்கொண்டார்களா, குணமாக எடுத்துக்கொண்டார்களா என்பதை இவை எதுவும் காட்டவில்லை. 1996-இல் 'டிரீட்' என்ற பெயர் பற்றிய வழக்கில் இங்கிலாந்து நீதிபதி ஜேக்கப் இதைத்தான் போட்டு உடைத்தார். பயன்பாடு இருந்தால் தனித்துவமும் இருக்கிறது என்று எல்லோரும் சொல்லாமலே ஊகித்துக்கொள்கிறார்கள், அந்த ஊகத்தில் தர்க்கமே இல்லை என்றார். 'சோப்பு' என்ற சொல்லைச் சோப்பின் மேல் எத்தனை கோடி முறை அச்சிட்டாலும் அது சோப்புதான்.

ஆகவே ஆய்வு அதிகாரி பெட்டியின் படத்தைத்தான் உற்றுப் பார்ப்பார். முகப்பில் பெரிய எழுத்தில் நிறுவனத்தின் பெயர். அதன்கீழே சிறிய எழுத்தில் 'ஓசையில்லா மின்விசிறி'. பக்கவாட்டில் 'ஓசையில்லா இயக்கம், குறைந்த மின்சாரம்'. உத்தரவாத அட்டையில் 'எங்கள் ஓசையில்லா விசிறிகள்'. சொந்தக்காரரே நான்கில் மூன்று இடத்தில் அதைப் பெயரடையாக வைத்திருக்கிறார். வாங்குபவர் மட்டும் அதைப் பெயராகப் படிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது எப்படி? விண்ணப்பங்கள் கவிழ்வது பெரும்பாலும் இப்படித்தான். எதிராளி வந்து கவிழ்ப்பதற்கு முன் சொந்த அச்சகமே கவிழ்த்துவிடுகிறது. நிறுவனத்தின் பெயரோடு சேர்ந்தே எப்போதும் வந்த ஒரு சொல் தனியாகத் தனித்துவம் பெறவே முடியாது என்றும் சொல்லிவிட முடியாது. 2005-இல் நெஸ்லே நிறுவனத்தின் 'ஹேவ் எ பிரேக்' வழக்கில், பெரிய குறி ஒன்றின் பகுதியாகப் பயன்பட்டே ஒரு தொடர் தனித்துவம் பெறலாம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் நிரூபிக்கும் பாரம் இரட்டிப்பாகிறது.

என்னென்ன பார்க்கலாம் என்று வரிசையாகச் சொன்ன தீர்ப்பு 1999-இல் வந்தது. கீம்சே என்பது பவேரியாவின் மிகப்பெரிய ஏரி. அதன் கரைப்பகுதி விளையாட்டு உடை நிறுவனம் ஒன்று ஏரியின் பெயரைத் தன் குறியாக்கி, மற்றவர்களைத் தடுக்கப் பார்த்தது. சந்தையில் அந்தக் குறியின் பங்கு, எவ்வளவு ஆழமாக, எவ்வளவு பரப்பில், எத்தனை காலம் பயன்பட்டது, விளம்பரத்துக்குப் போட்ட முதல், சம்பந்தப்பட்ட மக்களில் எத்தனை பங்கினர் அதை ஒரே நிறுவனத்தோடு சேர்த்துப் பார்க்கிறார்கள், வணிகச் சங்கங்கள் என்ன சொல்கின்றன என்று எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட வேண்டும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். இத்தனை விழுக்காடு இருந்தால் தேறும் என்று முன்கூட்டியே எண் குறிக்க மட்டும் மறுத்துவிட்டது. அது சரி என்றே நினைக்கிறேன். சொல் எவ்வளவு சாதாரணமோ அவ்வளவு ஆதாரம் கேட்பதுதான் நியாயம்.

அமெரிக்கச் சட்டம் ஒரு குறுக்குவழி வைத்திருக்கிறது. ஐந்து ஆண்டு தொடர்ச்சியாக, ஏறத்தாழத் தான் மட்டுமே பயன்படுத்தியதாக உறுதி அளித்தால், அதையே முதல்நோக்கு ஆதாரமாக அலுவலகம் ஏற்கலாம். கட்டாயமில்லை, சொல் மிகவும் வெளிப்படையானதாக இருந்தால் கூடுதலாகக் கேட்பார்கள். அங்கேயே 'துணைப் பதிவேடு' என்று ஒரு காத்திருப்பு அறையும் உண்டு. இன்னும் தனித்துவம் பெறாத, ஆனால் பெறக் கூடிய சொற்களை அதில் எழுதி வைப்பார்கள். முழுப் பதிவு தரும் பலம் அதில் கிடையாது.

கருத்துக்கணிப்பை எடுத்துக்கொண்டால் புக்கிங் டாட் காம் வழக்கை விட்டுவிட்டுப் பேச முடியாது. 2020 மே மாதம், பெருந்தொற்றுக் காலத்தில், அமெரிக்க உச்ச நீதிமன்றம் தன் வரலாற்றில் முதல்முறையாகத் தொலைபேசி வழியாகக் கேட்ட வழக்கு அது. 'முன்பதிவு' என்பது தொழிலின் பெயர், 'டாட் காம்' என்பது முகவரியின் வால், இரண்டையும் ஒட்டினாலும் பொதுப்பெயர்தான் என்றது அரசு அலுவலகம். நிறுவனம் காட்டிய கணிப்பில் 74.8 விழுக்காட்டினர் அதைத் தனி நிறுவனத்தின் பெயர் என்றார்கள். ஒப்பிட்டுப் பார்க்கக் கேட்ட 'வாஷிங்மெஷின் டாட் காம்' என்ற பெயருக்கு அப்படிச் சொன்னவர்கள் 33 விழுக்காடு. எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில் நிறுவனம் வென்றது. ரூத் பேடர் கின்ஸ்பர்க் எழுதிய தீர்ப்பு, மக்கள் பொதுப்பெயராகப் பார்க்காவிட்டால் அது பொதுப்பெயர் அல்ல என்று முடித்தது. மாறுபட்டவர் ஸ்டீஃபன் பிரேயர். அந்த 33 விழுக்காடு எனக்கு உறுத்துகிறது. வெறும் பொதுச்சொல்லோடு டாட் காமைச் சேர்த்தாலே மூன்றில் ஒருவர் அதைத் தனிப்பெயர் என்று நினைக்கிறார் என்றால், கணிப்பு அளப்பது அந்தப் பெயரின் புகழை மட்டும்தானா?

எந்த மொழியின் காது?

மொழி குறுக்கிடும்போது கேள்வி இன்னும் சுவையாகிறது. ஜெர்மன் மொழியில் 'மட்ராட்சன்' என்றால் மெத்தைகள். அதே சொல்லை ஸ்பெயினில் ஒருவர் மெத்தைக்குப் பதிவு செய்திருந்தார். 2006-இல் ஐரோப்பிய நீதிமன்றம் அது செல்லும் என்றது. ஸ்பெயினில் அந்தப் பண்டத்தை வாங்குபவர்களுக்கும் விற்பவர்களுக்கும் ஜெர்மன் பொருள் விளங்காதவரை அங்கே அது இடுகுறிதான். ஜெர்மானியர் ஒருவர் அங்கே மெத்தை விற்கப் போனால் தன் தாய்மொழிச் சொல்லை எழுதத் தயங்க வேண்டும். அமெரிக்க அலுவலகம் வேறு வழியில் போகிறது. சாதாரண வாங்குபவர் நின்று மொழிபெயர்த்துப் பார்ப்பார் என்று தோன்றினால், அயல்மொழிச் சொல்லை ஆங்கிலத்தில் பெயர்த்து விவரிப்பா என்று சோதிக்கும். பல மொழி பேசும் நாடுகளில் ஒரு மொழிக்காரரின் காரணப்பெயர் பக்கத்து மொழிக்காரருக்கு இடுகுறியாக ஒலிக்கும். கல்கத்தா உயர் நீதிமன்றம் 1955-இல் சமையல் எண்ணெய்க்கு 'ரசோயி', அதாவது இந்தியில் 'சமையல்' என்ற பெயரை மறுத்தது. எண்ணெய் எதற்குப் பயன்படும் என்பதை நேரே சொல்லும் அன்றாடச் சொல் அது என்பது காரணம்.

இடையில் ஓர் எச்சரிக்கை. விவரிக்கும் சொல்லை ஓர் ஓவியத்துக்குள் வைத்துப் பதிவு வாங்கிவிட்டு, சொல்லே தனக்குச் சொந்தம் என்று நம்புபவர்கள் ஏராளம். பதிவானது படமும் அமைப்பும் சேர்ந்த முழுமை. படத்தை உருவிவிட்டால் கையில் எஞ்சுவது பழைய காரணப்பெயரே. விளம்பர வாசகங்களுக்கும் இதே அளவுகோல்தான். ஆடி கார் நிறுவனத்தின் ஜெர்மன் வாசகம் 2010-இல் தேறியது, ஆனால் எல்லா வாசகத்துக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்ப்பதில்லை.

எதிர்த்திசைப் போக்குவரத்தும் உண்டு. ஆஸ்பிரினும் எஸ்கலேட்டரும் ஒருகாலத்தில் தனித்தனி நிறுவனங்களுக்கே உரிய பெயர்கள். வாங்குபவர்கள் அவற்றைப் பொருளின் பெயராகவே வழங்கியதால் அமெரிக்காவில் முன்னது 1921-இலும் பின்னது 1950-இலும் பொதுச்சொத்தாகின. காது கொடுப்பதைக் காதே திருப்பி எடுத்துக்கொள்ளும்.

கிடைத்த பிறகு எவ்வளவு கிடைத்தது?

விசிறிக்காரருக்குப் பதிவு கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அவர் கையில் இருப்பது இரண்டாம் பொருளின் மேல் உள்ள உரிமை மட்டுமே. முதல் பொருள் ஊரார் சொத்தாகவே நீடிக்கிறது. இந்தியச் சட்டத்தின் 30-ஆம் பிரிவும் 35-ஆம் பிரிவும் பண்டத்தின் தன்மையை நேர்மையாக விவரிப்பவரைக் காப்பாற்றுகின்றன. அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2004-இல் ஒப்பனை நிறமிகள் பற்றிய கேபி பெர்மனென்ட் மேக்கப் வழக்கில் இன்னும் ஒரு படி போனது. விவரிக்கும் பயன்பாட்டால் ஓரளவு குழப்பம் வந்தாலும்கூட அது நியாயமான பயன்பாடாக இருக்கலாம், எல்லோரும் பேசும் சொல்லை எடுத்துக்கொண்டவர் அந்த அளவு குழப்பத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும் என்றது.

இதே மனநிலையை 1946-லேயே இங்கிலாந்துப் பிரபுக்கள் அவையில் பார்க்கலாம். 'ஆபிஸ் கிளீனிங் சர்வீசஸ்' என்ற நிறுவனம், 'ஆபிஸ் கிளீனிங் அசோசியேஷன்' என்று பெயர் வைத்த போட்டியாளரைத் தடுக்கப் பார்த்துத் தோற்றது. சாதாரணச் சொற்களில் பெயர் வைத்தவர் சிறு வேறுபாட்டோடு திருப்தி அடைய வேண்டும் என்றார்கள். இந்தியாவில் 2010-இல் மாரிகோ நிறுவனம், தான் பதிவு செய்திருந்த 'லோசார்ப்' என்ற குறியை வைத்து, 'லோ அப்சார்ப் டெக்னாலஜி' என்று தன் எண்ணெயின் மேல் எழுதிய போட்டியாளரை நிறுத்தக் கேட்டது. டெல்லி உயர் நீதிமன்றம் மறுத்தது. 'குறைவாக உறிஞ்சும்' என்ற சாதாரணத் தொடரைச் சற்றே சுருக்கியதுதான் அந்தக் குறி, பதிவுச் சான்றிதழ் கையில் இருப்பதால் மட்டும் எதிராளி தன் எண்ணெயின் குணத்தைச் சொல்லாமல் இருக்க வேண்டியதில்லை என்பது தீர்ப்பின் போக்கு.

எல்லா நீதிமன்றங்களும் இவ்வளவு கறார் அல்ல. அமெரிக்காவில் விமான நிலையத்துக்கு அருகே வண்டி நிறுத்துமிடம் நடத்திய 'பார்க் என் ஃப்ளை' நிறுவனம் 1971-இல் பதிவு பெற்றது. வண்டியை நிறுத்திவிட்டுப் பறந்து போ என்பதுதான் பெயர், செய்யும் தொழிலை அப்படியே ஒப்பிக்கிறது. ஐந்தாண்டு கடந்து அசைக்க முடியாத நிலையை அடைந்துவிட்ட பதிவை, வெறும் விவரிப்புச் சொல் என்று காட்டி உடைக்க முடியாது என்று 1985-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. தனித்துவம் பெற்றதாக ஒருபோதும் நிரூபிக்காத பெயருக்கு இவ்வளவு கெட்டியான அரணா என்று நீதிபதி ஸ்டீவன்ஸ் மாறுபட்டு எழுதினார். எனக்கு ஸ்டீவன்ஸ் சொல்வதே சரி என்று படுகிறது. ஆய்வு அதிகாரி ஒருநாள் அசந்துபோனது, ஐந்து ஆண்டு யாரும் கவனிக்காததால் மட்டும் உரிமையாக முதிர்ந்துவிடுகிறது.

அத்தகைய அரண் கிடைத்தவருக்கும் விவரிக்கும் பயன்பாட்டைத் தடுக்க வழி இல்லை. பக்கத்துத் தொழிற்சாலைக்காரர் தன் விசிறிக்குக் 'கிளிஞ்சல்' என்று பெயர் வைக்கிறார். பெட்டியின் முகப்பில் அதைப் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார். அடியில், சின்ன எழுத்தில், 'ஓசையில்லாமல் ஓடும்' என்று ஒரு வரி சேர்க்கிறார். சான்றிதழைச் சட்டம்போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் நம் விசிறிக்காரர் அந்தப் பெட்டியை எடுத்துக்கொண்டு வழக்கறிஞரிடம் போகிறார். வழக்கறிஞர் முகப்பைப் பார்க்கிறார், அடிவரியைப் பார்க்கிறார், விசிறி உண்மையிலேயே சத்தம் போடாமல் ஓடுகிறதா என்று கேட்கிறார். ஓடுகிறது என்கிறார் இவர். வழக்கறிஞர் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்.